காபி டப்பா மூடி

பிர்ச் ஓடை, மொன்டானா
1974 மார்ச் 11

அன்புள்ள அல்மா அக்காவுக்கு,

தம்பி செல்மர் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் பிள்ளை கார்டனும் அவன் வீட்டாரும் சுகம்தானே? பென்சிலில் எழுதுவதைத் தப்பாக நினைக்காதே. பேனாவில் மை உறைந்துபோய்விட்டது. இந்த வருஷக் குளிர் அப்படி.

பசுக்கள் கன்று போட ஆரம்பித்துவிட்டன. இதுவரை ஒன்றுதான் தவறியது. ஒரு கெட்ட சேதியும் இருக்கிறது. என் குதிரை பிர்டி போய்விட்டாள். ஓடையைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து முன்னங்கால் உள்ளே இறங்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்ப்பதும் விழுவதுமாக இருந்தாள். அப்பாவின் ரிவால்வரை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று குண்டு ஆயிற்று.

மூன்று வெடி கேட்டதும் பக்கத்துப் பண்ணை வெர்ன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான். இங்கே மூன்று வெடி என்றால் ஆள் ஆபத்தில் இருக்கிறான் என்றுதானே அர்த்தம். இறங்கி என்னைப் பார்த்தான், குதிரையைப் பார்த்தான். "யோவ், நீ போய்ச் சேர்ந்துட்டேன்னு நினைச்சு ஊத்தின காபியைக்கூடக் குடிக்காம வந்தேன்யா," என்றான். பிறகு சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போக உதவி செய்தான்.

குறை துப்பாக்கியில்தான். அப்பா வாங்கி அறுபது வருஷம் ஆகிறது. தோட்டா போடுகிற உருளை ஆடுகிறது. குறி எங்கோ, குண்டு எங்கோ. அதைப் பரணில் போட்டுவிட்டேன். யாராவது நன்றாக வைத்திருந்த பழைய ரிவால்வர் கிடைத்தால் வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி செல்மர்


ஸ்போக்கேன்
1974 மார்ச் 24

அன்புத் தம்பி செல்மருக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் படி இறங்கும்போதுதான் வலிக்கிறது. கார்டன் வீட்டில் என் அறை கீழ்த்தளம் என்பதால் தினமும் வலிக்கிறது, அவ்வளவுதான். அறை நல்ல சூடாக இருக்கிறது. ஜன்னல் தரைமட்டத்தில் இருப்பதால், வாசலுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று டயரைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

பிர்டிக்காக அழுதேன். போன தடவை நான் வந்தபோது என் கோட்டுப் பையில் மூக்கை நுழைத்து ஆப்பிளை எடுத்துக்கொண்டவள்.

மூன்று குண்டு என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அப்பாவின் விதி உனக்கு நினைவிருக்கிறதா? மேலே மலையில் அந்த வீட்டில் குளிர்காலம் தங்க வேண்டுமென்றால், முதல் பனி விழுவதற்கு முன் கொட்டில் கம்பத்தில் காபி டப்பா மூடியை ஆணியடித்து வைத்து, பதினைந்து தப்படி தள்ளி நின்று ஐந்து குண்டையும் மூடியில் போட வேண்டும். முடியாதவர்கள் வசந்தம் வரை கீழே ஊரில் இருக்க வேண்டும். "பாதை மூடிக்கிட்டா, காலொடிஞ்ச மாட்டுக்கு டாக்டரா ஏறி வருவான்? ஒரே குண்டுல முடிச்சுவைக்கத் தெரியாதவன் மிருகம் வளர்க்கக் கூடாது," என்பார். எனக்குப் பதினாலு வயதில் முதல் தடவையே ஐந்தும் விழுந்தன. உனக்கு இரண்டு கோடை பிடித்தது. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

அப்பா அந்த இடத்தை நம் இருவர் பேருக்கும் எழுதிவைத்தார். அந்த உரிமையில் கேட்கிறேன். நல்ல துப்பாக்கியாகப் பார்த்து வாங்கு. முதல் பனிக்கு முன் மூடிக் கணக்கு எனக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் கார்டன் லாரியோடு வந்து உன்னை இங்கே ஏற்றிக்கொண்டு வந்துவிடுவான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. இப்போதைய துப்பாக்கிகளில் ஆறு அறையிலும் தோட்டா போடலாம், தவறி விழுந்தாலும் வெடிக்காது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நம் வீட்டில் ஐந்துதான், காலி அறைமேல்தான் சுத்தியல் இருக்க வேண்டும். "ஆறாவது குண்டு உங்க நட் சித்தப்பா தொடைக்குள்ள இருக்கு" என்று அப்பா சொல்வாரே. அந்த மனிதர் சாகும்வரை நொண்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தகர டப்பா பீன்ஸை மட்டும் தின்றுகொண்டிருக்காதே.

அன்புடன்,
அக்கா அல்மா


பிர்ச் ஓடை
1974 மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அங்கே நீ எப்படி? பாதையில் சேறு காய்ந்துவிட்டது.

ரிவால்வர் கிடைத்துவிட்டது. ஷெரீப் ஆபீசில் வேலை பார்த்த ப்ரூயிட் போன வருஷம் இறந்துபோனார் இல்லையா, அவருடையது. அவர் மனைவி ஆர்லீன் விற்பதாக வெர்ன் சொன்னான். போனேன். சமையலறை மேஜைமேல் ஒரு கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அது.

"தோலுறையில வைக்காதீங்கன்னு அவர் சாகிறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. தோல் ஈரத்தை இழுக்குமாம், துருப்பிடிக்குமாம். எனக்குத் தலைவலின்னா திரும்பிப் பார்க்கமாட்டாரு, இதுக்கு மாசாமாசம் எண்ணெய்," என்றார்.

அக்கா, அப்படி ஒரு துப்பாக்கியை நான் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு காலிபர், நாலங்குலக் குழல். நீலப் பூச்சு அப்படியே இருக்கிறது. உறையில் உரசிக் குழல் முனையில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. திருகாணித் தலை ஒன்றிலும் கீறல் இல்லை, அதனால் எவனும் திறந்து கைவைக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுத்து, உருளையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆறு அறைக்கும் பார்த்தேன். பூட்டுப் போட்டது போல் நின்றது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் தலைமுடி போகிற சந்துதான். கட்டைவிரல் நகத்தைப் பின்பக்கம் வைத்து, அதில் பட்ட வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தேன், சுழல் வரிகள் புத்தம் புதிதாக இருந்தன.

"எத்தனை தடவை சுட்டிருப்பார்?" என்று கேட்டேன்.

"இருபது வருஷம் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. வேலையில சுட்டது ஒரே தடவை, ஒரு வெறிபிடிச்ச நரியை. அதுலயும் முதல் குண்டு என் துணி காயப்போடுற கொடியை அறுத்துடுச்சு. வெள்ளைத் துணியெல்லாம் மண்ணுல. ஊருக்குள்ள இதைச் சொல்லிடாதீங்க, செல்மர், செத்த மனுஷனுக்கு மரியாதை போயிடும்."

பணம் வேண்டாம், இலையுதிர் காலத்தில் ஒரு மாட்டின் இறைச்சியில் பாதி கொடுத்தால் போதும் என்றார். சரி என்றேன்.

இந்தத் துப்பாக்கியோடு எல்லாம் சரியாகிவிடும்.

உன் தம்பி
செல்மர்


ஸ்போக்கேன்
1974 மே 15

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவன்கூட இவ்வளவு விவரமாக எழுதமாட்டான். உனக்கு அந்தக் காலத்தில் பெண் பார்த்தபோது, "பல் நல்லா இருக்கு" என்று ஒரு வரி எழுதினாய். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

ஆர்லீனின் கொடி சமாசாரத்தைப் படித்துச் சிரித்தேன். மேலே மருமகளுக்குக் கேட்டுவிட்டது. "என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று படியில் நின்று குரல் கொடுத்தாள். இந்த வீட்டில் நான் சிரித்துக் கேட்டு நாளாயிற்று போலிருக்கிறது.

சரி, பார்த்தாயிற்று, வாங்கியாயிற்று. சுட்டுப் பார்த்தாயா? அதைச் சொல்.

மே மாதத்திலும் உன் பேனா மை உறைந்தே கிடக்கிறதா? பென்சிலிலும் எழுத்து வரப்புத் தாண்டி மேய்கிறது. கண்ணாடியை மாற்று. ஊரில் கண் டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார்.

அன்புடன்,
அல்மா


பிர்ச் ஓடை
1974 ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், உன் சுகத்துக்கு எழுது. இது தட்டச்சு. பள்ளிக்கூட ஏலத்தில் ஒரு பெட்டிச் சாமானோடு இந்த மெஷினும் வந்தது. எழுத்து புரியவில்லை என்று இனி நீ புகார் சொல்ல முடியாது.

துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தேன். போன சனிக்கிழமை காலையில், காற்று இல்லாத நேரம். கொட்டில் கம்பத்துக்குப் பின்னால் மேடு இருக்கிறதே, குண்டு வேறெங்கும் போகாது. ஐந்து தோட்டா போட்டேன். விசை நன்றாக இருக்கிறது. சுத்தியலை இழுத்து வைத்துவிட்டால், கண்ணாடித் துண்டு உடைவது போலச் சட்டென்று விடுகிறது, இழுபறி இல்லை. உருளைச் சந்தில் ஈயம் தெறிக்கவில்லை. வெள்ளைத் துணியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், துணியில் ஒரு புள்ளி இல்லை. வெற்றுத் தோட்டாக்கள் ஒரே தட்டில் கீழே விழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஊசி அடித்த இடம் நட்டநடுவில் இருக்கிறது. மறுபடி ஐந்து போட்டேன். மறுபடியும். சூடான பிறகும் உருளை சிக்கவில்லை.

பிறகு மேஜையில் பிரித்துப் போட்டு எண்ணெய் தடவித் துடைத்தேன். வெளிச்சத்தில் வைத்து மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன். குறை தேடித் தேடிப் பார்த்தேன். அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை.

கொசு தாங்கவில்லை. முதல் புல் அறுப்பு அடுத்த வாரம். வெர்ன் உன்னை விசாரித்தான்.

செல்மர்


ஸ்போக்கேன்
1974 ஜூன் 29

அன்புத் தம்பிக்கு,

நலம். நலம்தானே?

துப்பாக்கி என்ன செய்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். மூடி என்ன ஆயிற்று?

அல்மா


ஸ்போக்கேன்
1974 ஆகஸ்ட் 4

அன்புத் தம்பி செல்மருக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. புல் அறுப்பு வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கார்டன் பேச்சை எடுத்தான். "அம்மா, மாமாவுக்கு அறுபத்தஞ்சு ஆகப் போகுது. இன்னும் எத்தனை நாள் அங்க தனியா இருப்பாரு? இங்க கூட்டிட்டு வந்துடலாம். கீழ உங்க ரூம்லயே ஒரு மடக்குக் கட்டில் போட்டுட்டா போச்சு," என்றான்.

"உங்க மாமா மடக்குக் கட்டில்ல மடங்குற ஆளு இல்லைடா," என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. பனியில விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? மூணு வெடி வெடிக்கவாவது கையில தெம்பு வேணாமா?"

அவன் நல்ல பிள்ளை, செல்மர். அக்கறையில்தான் சொல்கிறான். என்னையும் அக்கறையில்தான் கூட்டிவந்தான். உன் மச்சான் போன பிறகு நான் தனியாக அடுப்பை எரியவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று ஒரு நாள் பயந்தான், அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம். நானேதான் பெட்டி கட்டினேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. துப்பாக்கியில் குறை இல்லை என்று நீ எழுதினாயே, அதே மாதிரி.

முதல் பனிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பதில் எழுது.

அக்கா


பிர்ச் ஓடை
1974 ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். பதில் எழுதத் தாமதமானதற்குப் புல் அறுப்புத்தான் காரணம். வேறொன்றுமில்லை.

நீ கேட்ட மூடியையே இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கம்பத்திலிருந்து அப்படியே கழற்றியது. பதினைந்து தப்படி, எல்லாம் மூடிக்குள். நடுவில் இருப்பது ஆணி ஓட்டை, அதைக் கணக்கில் சேர்க்காதே. அப்பா இருந்தால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வெர்ன் அன்றைக்கு இங்கேதான் இருந்தான், வேண்டுமானால் அவனையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆக, இந்தக் குளிர்காலமும் நான் இங்கேதான். கார்டனிடம் மடக்குக் கட்டில் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

பிளம்ஸ் இந்த வருஷம் மரம் கொள்ளாமல் காய்த்திருக்கிறது. கரடிகளுக்குக் கொண்டாட்டம்.

செல்மர்


ஸ்போக்கேன்
1974 ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. இங்கே எல்லோரும் நலம்.

மூடியை என் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஒரு நேரம் மட்டும் இந்த அறைக்குள் வெயில் வரும். அந்த நேரத்தில் ஓட்டை வழியாக வெளிச்சம் சுவரில் விழுந்தது. அழகாகச் சுட்டிருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு கையகலத்துக்குள்.

ஆணி ஓட்டையை நீ சொன்னபடி விட்டுவிட்டேன். விட்டுவிட்டு எண்ணினாலும் ஆறு இருக்கிறது.

செல்மர், நீ பத்து வயதிலிருந்து துப்பாக்கி பிடிக்கிறாய். ஒரு நாளாவது ஆறு போட்டிருக்கிறாயா? கனவில் சுட்டாலும் ஐந்தோடு நிறுத்துகிறவன் நீ. ஜூன் மாதக் கடிதத்திலும் ஐந்து, மறுபடி ஐந்து என்றுதான் எழுதியிருக்கிறாய். வெர்ன் நன்றாகச் சுடுகிறான் என்று நான் சொன்னதாகச் சொல்.

கோபமா என்று கேட்பாய். ஆமாம், கோபம்தான். அப்பாவின் கம்பத்தில் அடுத்தவனை நிற்கவைத்துச் சுடச்சொல்லி எனக்கு அனுப்பினாயே என்று கோபம். அதைவிட, அப்படிச் செய்யும்படி ஆகிவிட்டதே, அதை என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்று வருத்தம். ராத்திரி அதை நினைத்து அழுதேன். அறுபத்தெட்டு வயதில் தகர மூடியைப் பிடித்துக்கொண்டு அழுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தட்டச்சை மூடிவை. பென்சிலை எடு. வரப்புத் தாண்டினாலும் பரவாயில்லை. உன் கையால் எழுது.

உன் அக்கா


பிர்ச் ஓடை
1974 செப்டம்பர் 15

அக்கா,

பென்சில்தான். இந்தப் பக்கத்தை எழுத நாலு காகிதம் கிழித்தேன்.

வலது கை நடுங்குகிறது. இரண்டு குளிர்காலமாக. முதலில் காபிக் கோப்பை தட்டில் சத்தம் போட்டது. அப்புறம் சட்டைப் பொத்தான். கிரேட் ஃபால்ஸ் போய் டாக்டரைப் பார்த்தேன். நரம்பு வியாதி. "இது உங்களைக் கொல்லாது. ஆனா விட்டும் போகாது," என்றார். மாத்திரை கொடுத்தார். காலையில் கொஞ்சம் கேட்கிறது.

துப்பாக்கி என்றுதான் நினைத்தேன், அக்கா. உன்னிடம் பொய் சொல்ல வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. அப்பாவுடையது பழசு, அதனால்தான் என்று நானே நம்பினேன். ஆர்லீன் வீட்டில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் உனக்குத் தெரியாது. இனி சாக்கு இல்லாமல் சரியாக விழும் என்று நினைத்தேன். ஜூன் மாதம் மூன்று தடவை ஐந்து ஐந்தாகச் சுட்டேன். ஒரே ஒன்று மூடியின் ஓரத்தைக் கிழித்தது. மற்றது எங்கே போயிற்று என்று அந்த மேட்டைத்தான் கேட்க வேண்டும். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துச் சுட்டேன். கம்பத்தில் சாய்ந்து சுட்டேன். குறை இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

பிர்டியைப் பற்றி எழுதாததை எழுதுகிறேன். முதல் குண்டு தாடையில் பட்டது. அவள் என்னைப் பார்த்தாள். இரண்டாவதும் சரியில்லை. அது எனக்குத் தினமும் கண்முன் வருகிறது. அப்பா சொன்னது சரி. அப்படிச் செய்கிறவன் மிருகம் வளர்க்கக் கூடாது.

மூடிக்கு வெர்னைக் கேட்டது நான்தான், அவன்மேல் தப்பில்லை. "உங்கக்காவை ஏமாத்த நான் ஆளில்லைய்யா," என்று முதலில் மறுத்தான். நான் இரண்டாம் தடவை கேட்டதும் என் கையைப் பார்த்தான், துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். அவன் ஆறு போட்டதை நான் கவனிக்கவில்லை. அவன் சுடும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்டனை அனுப்பு. பனிக்கு முன் வரச் சொல். மாடுகளை வெர்ன் எடுத்துக்கொள்கிறான். மடக்குக் கட்டில் போதும்.

அந்த ஜன்னலைத் திறக்க முடியுமா?

செல்மர்


ஸ்போக்கேன்
1974 அக்டோபர் 3

என் அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்தேன். வரப்பும் தாண்டியிருக்கிறது, வேலியும் தாண்டியிருக்கிறது. ஒரு எழுத்து விடாமல் படித்தேன். மாத்திரையை விடாமல் சாப்பிடு.

ஜன்னல் திறக்காது. நாலு வருஷத்துக்கு முன் பெயின்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டது.

இத்துடன் ஒரு மூடி வருகிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த குதிரைக்கு மூன்று குண்டு ஏன் ஆயிற்று என்று நான் மார்ச்சிலேயே யோசித்தேன். மே மாதமும் நீ பென்சிலிலேயே எழுதிய பிறகு, ஜூனில் மூடியைப் பற்றி ஒரு வரி இல்லாதபோது தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை. இங்கே ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கழகம் இருக்கிறது. ஜூலையிலிருந்து புதன்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போகிறேன். மருமகள் சர்ச் மாதர் சங்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாள் ஐந்தில் ஒன்று. கண் பழகவில்லை, கை மறந்துபோயிருந்தது. அங்கே மேற்பார்க்கிற பையன் வாடகைத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, "ஆறு போடலாம்மா, இது ரொம்ப பத்திரமான துப்பாக்கி," என்றான்.

"எங்க வீட்ல அஞ்சுதான்பா," என்றேன்.

"ஏம்மா, ஆறாவது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது எங்க சித்தப்பாவுக்கு."

அப்புறம் அவன் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. காகிதக் குறியை எடுத்துவிட்டு என் காபி டப்பா மூடியை மாட்டச் சொன்னேன். பதினைந்து தப்படியை நானே நடந்து அளந்தேன். நேற்று விழுந்தது இது. எண்ணிக்கொள். ஐந்து. ஒன்று ஓரத்தில் இருக்கிறது. ஓரமும் மூடிதான்.

இப்போது அப்பாவின் விதிக்கு வருகிறேன். அம்மா அந்த வீட்டில் முப்பது குளிர்காலம் இருந்தாள். ஒரு நாளாவது துப்பாக்கியைத் தொட்டாளா? தொடமாட்டாள், அந்த அலமாரியைத் துடைக்கக்கூட மாட்டாள். அப்பா அவளைக் கீழே அனுப்பினாரா? அந்த வீட்டில் ஒரு கை சுட வேண்டும் என்பதுதான் விதி. எந்தக் கை என்று அவர் சொல்லவே இல்லை. நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷம் தப்பாகப் புரிந்துவைத்திருந்தோம். நான்தான் அதை வைத்து உன்னை மிரட்டினேன்.

கார்டனிடம் பேசிவிட்டேன். "அம்மா, உங்களுக்கு என்ன பைத்தியமா? இந்த வயசுல மலைமேலயா?" என்று கத்தினான். மூடியை மேஜைமேல் வைத்தேன். அதை எடுத்து ஓட்டைகளை எண்ணினான். "லாரி பன்னிரண்டாம் தேதி ஃப்ரீயா இருக்கு," என்றான்.

அதனால் லாரி வரும். உன்னை ஏற்ற இல்லை, என் பெட்டியை இறக்க. நீ மாடுகளுக்குத் தீனி போடு, கன்றுகளைப் பார், விறகு அடுக்கு, கை நடுங்கினால் நடுங்கட்டும். துப்பாக்கி வேலை என்னுடையது. சமையலும் என்னுடையது, அந்த பீன்ஸ் டப்பாக்களை நான் வருவதற்குள் எங்காவது ஒளித்துவை.

வெர்னிடம் மாடுகளைக் கொடுத்துவிடாதே. வந்ததும் அவன் முன்னால் உன் ரிவால்வரில் சுட்டுக் காட்டுகிறேன். அவன் கணக்கும் நம் கணக்கும் ஒழுங்காக இருக்கட்டும். கம்பத்தில் ஒரு மூடியை அடித்துவை.

உன் அக்கா
அல்மா


பிர்ச் ஓடை
1974 அக்டோபர் 8

அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாக.

மூடியை அடித்துவிட்டேன். நானேதான் அடித்தேன், வெர்னைத் தொடவிடவில்லை. ஆணி கோணலாக இறங்கியிருக்கிறது. மூடி நிற்கிறது. வா.

செல்மர்